இருபது பாய்கள்

கொல்கத்தா என்றதும் நம் தமிழ் மாணவர்களின் நினைவுக்கு வருவன புத்தகக் கடைகளும், டிராம் வண்டியும், இனிப்புப் பண்டங்களும்தாம். தண்டாலும் கர்லாக்கட்டையும் யார் நினைவுக்கும் வருவதில்லை. ஆயினும் இந்நகரம் உடலை ஓம்பிய நகரம். 1902-ஆம் ஆண்டில் இங்கே எழுந்த அனுசீலன் சமிதி, முதலில் உடற்பயிற்சிக் கழகமாகவே தோன்றிற்று. புரட்சியாளர் பாசறையாக அது மாறியது பின்னர்தான். 1923-இல் விஷ்ணு சரண் கோஷ் இந்நகரில் உடற்பயிற்சிக் கல்லூரி ஒன்றை நிறுவினார். 1951-இல் மனோதோஷ் ராயும், 1952-இல் மனோகர் ஐச்சும் ‘மிஸ்டர் யூனிவர்ஸ்’ போட்டியில் தத்தம் பிரிவில் வென்று வங்கத்துக்குப் பெயர் தேடித் தந்தனர். ஐந்தடி உயரம்கூட இல்லாத மனோகர் ஐச், நூறு வயதைக் கடந்து வாழ்ந்து, 2016-இல் மறைந்தார்.

அக்காலத்துக் கோதாவில் இடம் வேண்டுமென்றால் ஆசானின் முகத்தைப் பார்த்துக் கேட்கலாம். அவர் ‘வா’ என்பார், அல்லது ‘நாளை வா’ என்பார். காரணமும் கேட்கலாம். இன்றைய ஜிம்மில் நாம் கேட்பது கைப்பேசியை. அது ‘வகுப்பு நிரம்பிவிட்டது’ என்று சொல்லும். ஏன் நிரம்பியது, யாரால் நிரம்பியது என்று அதனிடம் கேட்க முடியாது. அந்த விடையைச் சொல்லும்படி அதற்கு முன்னமே யாரோ ஒருவர் விதி எழுதி வைத்திருக்கிறார். சென்ற ஆண்டு அந்த ‘யாரோ ஒருவர்’ வேலை எனக்கு வாய்த்தது. அதைப் பற்றித்தான் இங்கே எழுதப் புகுந்தேன்.

நான் புள்ளியியலில் முதுநிலை பயில்பவன். நெல்லைச் சீமையிலிருந்து வந்தவன். தென் கொல்கத்தாவில் உள்ள ஓர் உடற்பயிற்சிக் கழகத்தின் மேலாளர், என் விடுதி நண்பரின் உறவினர். புதிதாக வாங்கிய மென்பொருளில் வகுப்புப் பதிவு விதிகளை அமைத்துத் தர ஆள் தேடினார். “மதராஸிப் பையன் கணக்கில் கெட்டிக்காரனாக இருப்பான்” என்று அவராகவே முடிவு செய்து என்னை அழைத்தார். நாங்கள் எல்லோரும் அவரைத் ‘தாதா’ என்றே அழைப்போம்.

வேலை மிகச் சிறிது என்றுதான் முதலில் தோன்றும். திரையில் சில கட்டங்கள். வகுப்பில் எத்தனை பேர்? பதிவு எத்தனை நாளுக்கு முன் திறக்க வேண்டும்? எத்தனை மணிக்கு முன்பு விலகலாம்? வராதவருக்கு என்ன தண்டனை? காத்திருப்போர் பட்டியல் உண்டா? ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண்ணை இட்டால் முடிந்தது. ஆனால் அந்த எண்களுக்குப் பின்னே மனிதர்கள் நிற்கிறார்கள் என்பது இரண்டு நாளில் விளங்கிவிட்டது.

காலை ஆறரைக்கு ஒரு யோகாசன வகுப்பு. மாலை ஆறரைக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் விரிக்க இருபது பாய்களுக்கே இடம். இரண்டு நாள் முன்னதாகக் காலை ஏழு மணிக்குப் பதிவு திறக்கும். ஏழு பத்துக்கெல்லாம் இருபதும் போய்விடும். ஆனால் வகுப்பு நடக்கும் வேளையில் போய் எண்ணிப் பார்த்தால், பெரும்பாலும் பதினாறு பேரே இருந்தனர். இடம் இல்லை என்று திரும்பியவர்களும் இருந்தார்கள்; யாரும் விரிக்காத பாய்களும் இருந்தன. இரண்டும் ஒரே கூரையின் கீழ்! இந்த முரண்பாட்டைத் தீர்ப்பதே என் பணி.

எனக்குப் பாடத்தில் கற்ற வழி உடனே தோன்றிற்று. இருபது இடத்துக்கு இருபத்து நான்கு பேரைப் பதிந்து கொள்வோம். எப்படியும் சிலர் வரமாட்டார்கள் அன்றோ? விமானக் குழுமங்கள் செய்வது இதைத்தான். கணக்கிட்டுப் பார்த்தேன். ஒருவர் வருவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 80 என்று கொண்டால், இருபத்து நான்கு பேரைப் பதிந்தால் ஏறத்தாழ நான்கு நாளில் ஒரு நாள் இருபதுக்கு மேற்பட்டோர் வந்து நிற்பர். இருபத்திரண்டு பேர் என்று குறைத்தால் இருபது நாளில் ஒரு நாள்தான் அத்தொல்லை. நூல் நெறிப்படி இது மிக அழகான விடை. ஆனால் அந்த ஒரு நாளில் வெளியே நிறுத்தப்படுபவர் யார்? கடைசியாக வந்து சேர்பவர். கடைசியாக வருபவர் யார்? வேலை முடிந்து நேரே பேருந்தில் தொங்கிக்கொண்டு வருபவர். கணக்கு இதைச் சொல்லாது; வாசலில் நின்றவனுக்கே இது தெரியும்.

ரயில்வேக்காரர்கள் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். ஹௌராவுக்கும் சென்னைக்கும் இடையே அலையும் நமக்கு அதை விளக்கவும் வேண்டுமோ? ஆர்.ஏ.சி. என்று ஒரே படுக்கையை இருவருக்குப் பகிர்ந்து, ‘உட்கார்ந்தாவது போங்கள்’ என்பார்கள். ஆனால் யோகாசனத்துக்குப் பாதிப் பாய் கொடுக்க முடியுமா? ஆகவே மிகைப்பதிவு வேண்டா என்று தாதாவிடம் சொல்லிவிட்டு, வராதவர்கள் ஏன் வரவில்லை என்று ஆராயத் தொடங்கினேன்.

ஒரு காரணம் விலகல் விதியிலேயே இருந்தது. ‘வகுப்புக்கு நான்கு மணி நேரம் முன்பு விலக வேண்டும்’ என்பது மென்பொருளோடு வந்த விதி. மாலை வகுப்புக்கு அது சரி. பிற்பகல் இரண்டரைக்குள் சொல்லிவிடலாம். காலை ஆறரை வகுப்புக்கோ நள்ளிரவு தாண்டி இரண்டரை மணி! காலையில் எழுந்து காய்ச்சலை உணர்ந்தவர், இரண்டரை மணிக்கே அதைச் சொல்லியிருக்க வேண்டுமாம். இதைக் கண்டு தாதாவே சிரித்துவிட்டார். காலை வகுப்புக்கு மட்டும் முதல் நாள் இரவு ஒன்பது மணி என்று மாற்றினோம். படுக்கப் போகுமுன் ‘நாளை எழுவேனா?’ என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ள ஏற்ற நேரம் அது.

காத்திருப்போர் பட்டியலிலும் இதே இடர்ப்பாடு. ஒருவர் விலகினால் அடுத்தவரைத் தானாகவே உள்ளே சேர்த்துவிடும் மென்பொருள். விடியற்காலை ஐந்து மணிக்குச் சேர்க்கப்பட்டவர் உறங்கிக்கொண்டிருப்பார். விழித்துப் பார்த்தால் ‘நீர் வகுப்புக்கு வரவில்லை’ என்று குற்றச்சாட்டு! கேளாமல் இடம் கொடுத்துவிட்டு, வரவில்லை என்று தண்டிப்பது என்ன நீதி? இரவு ஒன்பது மணிக்குப் பின் தானாகச் சேர்ப்பதை நிறுத்தினோம். அதன்பின் பட்டியலில் உள்ள எல்லோருக்கும் செய்தி போகும். விழித்திருந்து ‘வருகிறேன்’ என்பவருக்கே இடம்.

அடுத்தது தண்டனை. வராதவருக்கு நூறு ரூபாய் அபராதம் என்றார் தாதா. கழகத்துக்கு வருவாயும் ஆயிற்று என்பது அவர் எண்ணம். நான் அவருக்கு இஸ்ரேல் நாட்டு ஹைஃபா நகரத்துக் கதையைச் சொன்னேன். அங்கே குழந்தைக் காப்பகங்களில், பிள்ளையை அழைத்துப் போகத் தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் விதித்துப் பார்த்தனர் நீசி, ருஸ்டிச்சினி என்னும் இரு ஆய்வாளர்கள். தாமதம் குறையவில்லை, கூடிற்று! அபராதத்தை நீக்கிய பின்னரும் பழைய நிலை திரும்பவில்லை. 2000-இல் அந்த ஆய்வு வெளியாயிற்று. காசு கொடுத்தாயிற்று, இனி வெட்கம் எதற்கு என்று மனிதமனம் எண்ணிவிடுகிறது. மேலும், நூறு ரூபாய் ஒருவருக்குத் தேநீர்க் காசு, மற்றொருவருக்கு ஒரு நாள் சாப்பாடு. ஆனால் ஒரு வாரம் என்பது எல்லோருக்கும் ஏழு நாள்தான். ஆகவே, சொல்லாமல் இருமுறை வராதிருந்தால் ஒரு வாரத்துக்கு முன்பதிவு இல்லை. இடம் மிஞ்சினால் வந்து சேரலாம் என்று விதித்தோம்.

இவையெல்லாம் எளிதில் முடிந்தன. கடினமானது ஏழு மணி.

அக்கழகத்தில் நம்மவர் ஒருவர் உறுப்பினர். நாகர்கோவில் பக்கத்தவர், இங்கே ஒரு மருத்துவமனையில் செவிலியர். நோயாளிகளைத் தூக்கித் தூக்கி இடுப்பு வலி கண்டு, மருத்துவர் சொல்படி யோகாசனத்துக்குச் சேர்ந்தவர். மூன்று மாதத்தில் நான்கு முறைதான் அவருக்கு இடம் கிடைத்திருந்தது. காரணம் கேட்டேன். “தம்பி, மாதம் தவறாமல் பணம் கட்டுகிறேன். ஏழு மணிக்கு எங்களுக்குப் பணி மாறும் நேரம். அப்போது நான் நோயாளியின் கையைப் பிடிப்பேனா, போனைப் பிடிப்பேனா?” என்றார். நான் ‘அக்கா’ என்றதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. மற்றொருவர், ஓய்வு பெற்ற வங்காளி ஆசிரியர், எழுபதைக் கடந்தவர். அவரிடம் இருப்பது பொத்தான் வைத்த பழைய போன். எந்த நேரத்தில் திறந்தாலும் அவருக்குக் கதவு திறக்காது.

விதியில் இவர்கள் இருவரையும் விலக்கும் சொல் ஒன்றுகூட இல்லை. ‘முந்தினவருக்கு முதலிடம்’ என்பது எல்லோருக்கும் பொதுவான விதிதான். ஆனால் ஏழு மணிக்குக் கை ஓய்ந்திருப்பவரே அதில் முந்த முடியும்.

எனவே இருபதைப் பிரித்தோம். பன்னிரண்டு இடம் காலை ஏழு மணிக்கு. ஐந்து இடம் அன்றிரவு எட்டரைக்கு. மூன்று இடம் அலுவலக மேசையில் நேரிலோ தொலைபேசியிலோ கேட்பவர்க்கு. ஒருவர் ஒரே சமயத்தில் மூன்று வகுப்புக்கு மேல் பதிந்து வைக்கலாகாது. முதல் நாள் இரவு ஒன்பது வரை கேட்பாரில்லாத இடங்கள் எல்லோருக்கும் பொதுவாகிவிடும்.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. நாள்தோறும் தவறாது வரும் ஒருவர் என்னிடமே வந்தார். “நான் சோம்பல் இல்லாமல் ஏழு மணிக்குக் காத்திருந்து பதிகிறேன். என் முயற்சிக்கு மதிப்பில்லையா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவர் இழப்பது உண்மை. இருபது பாய் இருபத்தொன்றாகிவிடவில்லை. செவிலியருக்குக் கிடைக்கும் ஒரு பாய் வேறொருவரிடமிருந்துதான் வருகிறது. இதை மறைத்து, ‘எல்லோருக்கும் நன்மை’ என்று அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உங்கள் முயற்சிக்குப் பன்னிரண்டு இடம் இருக்கிறது, இருபதும் இல்லை என்று மட்டும் சொன்னேன். அவர் மகிழ்ந்து போனார் என்று கூற மாட்டேன்.

பெரிய நிறுவனங்களும் இந்த எண்களோடுதான் மல்லாடுகின்றன. 120 நாள் முன்னதாகப் பயணச்சீட்டு வாங்கலாம் என்றிருந்ததை ரயில்வே 2024 நவம்பர் 1 முதல் 60 நாளாகக் குறைத்தது. மிக முன்னதாக வாங்கப்படும் சீட்டுகளில் ஏறத்தாழ நூற்றுக்கு 21 நீக்கப்பட்டுவிடுகின்றன என்பது அவர்கள் கண்ட காரணம். இதனால் பொங்கலுக்கு ஊர் போகும் நம் திட்டம் மாறியது. யாருக்கோ இடம் கிடைத்தது, யாருக்கோ போயிற்று. ஓர் எண்ணுக்கு இத்துணை வலிமை!

கடைசியாக ஒன்று. சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் கரியாஹாட் பக்கம் முழங்கால் அளவு நீர் நின்றது. பதினான்கு பேர் வரவில்லை. நான் முன்பு போட்ட கணக்கோ, ஒருவர் வராமையும் மற்றவர் வராமையும் தொடர்பற்றவை என்று கொண்டது. கொல்கத்தாவின் மழை அப்படிக் கொள்வதில்லை. எல்லோரையும் ஒருசேர நிறுத்தும். மென்பொருள் பதினான்கு பேர் மீதும் குற்றம் எழுதிற்று. தாதா தேநீர் அருந்திக்கொண்டே ஒவ்வொரு பெயராகத் தொட்டு அந்தக் குற்றத்தை நீக்கினார். அந்தப் பொத்தானையும் தானியங்கி ஆக்கிவிடலாமே என்று அங்கிருந்த ஒருவர் சொன்னார். வேண்டாம் என்றேன். விதியைத் தளர்த்தும் அதிகாரம் முகம் அறிந்த ஒரு மனிதரிடம் இருப்பது நல்லது. கோதாவின் ஆசானிடமிருந்து நமக்கு எஞ்சியது அவ்வளவுதான், அதையும் விட்டுவிடலாகாது.

நண்பர்களே! நம்மில் பலர் நாளை இத்தகைய கட்டங்களில் எண் நிரப்பும் வேலைக்குத்தான் போகப் போகிறோம். ஜிம்மின் பாய்க்கு மட்டுமன்று. விடுதி அறைக்கும், உதவித்தொகைக்கும், மருத்துவரைக் காணும் நேரத்துக்கும் விதி எழுதுவோம். எல்லோருக்கும் ஒரே விதி என்று எழுதிவிட்டு நிறைவடைந்துவிடாதீர்கள். அந்த விதி திறக்கும் நேரத்தில் யார் யார் கை எந்தெந்த வேலையில் இருக்கும் என்று ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு, பிறகு எண்ணை இடுங்கள்.