மலாக்காவில் சீனர் தெருக்கள்

மலேசியாவின் மலாக்கா நகருக்குச் செல்லும் நம் மக்கள், புனித சவேரியாரின் திருவுடல் 1553-இல் சில மாதங்கள் அடக்கம் செய்யப்பட்டிருந்த குன்றின் ஆலயச் சுவர்களைக் கண்டு, செபித்துத் திரும்புகின்றனர். சீனாவில் நற்செய்தி அறிவிக்க ஏங்கி, அதன் கரையோரத் தீவொன்றில் 1552-இல் உயிர்நீத்தவர் அவர். ஆதலால், குன்றிலிருந்து இறங்கி, ஆற்றைக் கடந்து, சீனர் வாழ்ந்த தெருக்களையும் காண்பது தகும்.

ஜோங்கர் தெருவில் வார இறுதி இரவுகளில் சந்தை கூடும். மணி கோத்துத் தைத்த பாதணிகள், மலாய் வழக்கங்களைத் தழுவிய சீன மரபினரான பாபா-நோன்யா மக்களின் கைவண்ணம். மணி சிறுக்கச் சிறுக்க வேலைப்பாடும் விலையும் கூடும். கையால் கோத்ததா எனக் கேட்டு வாங்குதல் நலம்.

அருகே, 17-ஆம் நூற்றாண்டில் எழுந்த செங் ஹூன் தெங், மலேசியாவின் மிகப் பழைய சீனக் கோயிலாகும். அடுத்த தெருவில் அருங்காட்சியகமாக விளங்கும் பழைய பாபா இல்லத்திலோ முன்னோருக்கென்றே ஒரு பீடம் உண்டு.

இஃது ஆராதனையோ, மரியாதையோ? இவ்வினா பழையது. 1742-இல் திருத்தந்தை 14-ஆம் ஆசீர்வாதப்பர் சீனக் கிறிஸ்தவர்க்கு இச்சடங்குகளைத் தடைசெய்தார். 1939-இல், 12-ஆம் பத்திநாதரின் காலத்தில், இறந்தோரின் படத்திற்கும் பெயர்ப்பலகைக்கும் தலைவணங்கத் திருச்சபை இசைந்தது. இடைப்பட்ட 197 ஆண்டுகளில், பெற்றோரைப் போற்றுவதா, திருமுழுக்குப் பெறுவதா எனக் கலங்கிய இல்லங்கள் எத்தனையோ!

கல்லறைத் திருநாளில் மெழுகுதிரி ஏற்றும் நாம், அப்பீடத்தின் முன் ஏளனமின்றி நிற்போமாக.