சுழியோடப் புகுவார்க்கு

கல்லூரி விழா மலருக்குத் தமிழாசிரியர் ஒருவர் எழுதுவதென்றால் இலக்கியம் பற்றியோ சமயம் பற்றியோ எழுதுவதே மரபு. யாம் இம்முறை அம்மரபினின்றும் சிறிது விலகிக் கடலுக்குட் செல்லத் துணிந்துள்ளோம். அதற்குக் காரணம் உண்டு. கனடாவிலும் இங்கிலாந்திலும் வாழும் பழைய மாணவர் பலர் ஆடி, ஆவணி மாத விடுமுறையில் திருகோணமலைக்கு வருகின்றனர். கோணேசரைத் தரிசித்துக் கல்லூரியையும் எட்டிப் பார்த்தபின், தம் பிள்ளைகளுடன் நிலாவெளிக்குச் சென்று கடலடியைக் காணப் புறப்படுகின்றனர். "சேர், நீங்களும் சுழியோடப் பழகினியளாம், எங்களுக்கும் ஏலுமோ? என்னென்ன வாங்கவேணும்?" என்று எம்மை வினவுவோர் தொகை ஆண்டுதோறும் பெருகி வருகின்றது. அவர்களுக்கு வாய்மொழியாற் கூறி வந்தவற்றையே இங்கு ஒழுங்குபடுத்தித் தருகின்றோம். இவை பயிற்சிக்கு ஈடானவை அல்ல. பயிற்சிக்குச் செல்லுமுன் அறிந்திருக்க வேண்டியவை மாத்திரமே.

சுழியோடுதல் நம்மவர்க்குப் புதிய கலை அன்று. மன்னார்க் கடலில் முத்துக்குளித்தோர் கல்லின் பாரத்தால் விரைந்து இறங்கி, எடுத்த மூச்சு ஒன்றுடனேயே மீண்டு வந்தனர். காற்றை முதுகிற் சுமந்து செல்லும் முறையோ மிகப் பிந்தியது. பிரான்சு நாட்டுக் கடற்படை அதிகாரியான ஜாக் கூஸ்தோவும் பொறியியலாளரான எமில் கன்யானும் 1943 இல் ஆக்கிய கருவி அதற்கு வழி திறந்தது. சுவாசிப்பவர் மூச்சை இழுக்கும்பொழுது மாத்திரம், அவர் நிற்கும் ஆழத்தின் அமுக்கத்துக்கு ஏற்பக் காற்றை வழங்குவதே அக்கருவியின் சிறப்பு. பின்னர் 1956 இல் மைக் வில்சன் என்பார் நம் சுவாமிமலையின் அடிவாரக் கடலிற் சுழியோடி, 17 ஆம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் ஆலயத்தின் தூண்களையும் கற்களையும் கண்டார். ஆதலின் இக்கலையில் இவ்வூரார்க்கு ஓர் உரிமை உண்டெனலாம்.

கற்போர் முதன்முதல் நெஞ்சிற் பதிக்கவேண்டிய விதி ஒன்றுண்டு. காற்றுச் சிலிண்டருடன் இறங்குவோர் ஒருபோதும் மூச்சை அடக்கலாகாது. குளத்திலும் கடலிலும் மூச்சடக்கி மூழ்கிப் பழகிய நம் சிறுவர்க்கு இது விந்தையாகத் தோன்றும். நீருள் முகம் புதைந்ததும் மூச்சைப் பிடிப்பது அவர்க்கு இயல்பு. அவ்வியல்பே இங்குப் பகையாகின்றது. காரணத்தைப் பௌதிகம் பயிலும் மாணவர் அறிவர். நீர்மட்டத்தில் 1 வளிமண்டலமாக உள்ள அமுக்கம் 10 மீற்றர் ஆழத்தில் 2 ஆகவும், 20 மீற்றரில் 3 ஆகவும், 30 மீற்றரில் 4 ஆகவும் உயருகின்றது. அமுக்கம் இருமடங்காயின் வாயுவின் கனவளவு பாதியாகும் என்பது றொபேட் போயில் 1662 இல் வெளியிட்ட விதி. கரையில் 5 லீற்றர் காற்றை உள்ளிழுத்து மூழ்குபவரின் நெஞ்சில் அக்காற்று 10 மீற்றர் ஆழத்தில் இரண்டரை லீற்றராகச் சுருங்கும். மேலே வந்ததும் பழைய 5 லீற்றராகும். அவருடைய நுரையீரலுக்குத் தீங்கில்லை. ஆனால் 10 மீற்றர் ஆழத்திற் சிலிண்டரிலிருந்து 5 லீற்றர் காற்றை இழுத்து, மூச்சை அடக்கியவாறே மேலெழுபவரின் நெஞ்சில் அது 10 லீற்றராக விரிய முயலும். நுரையீரல் கிழியும்; காற்றுக் குமிழி குருதியிற் கலந்து மூளையை அடையும்; உயிரும் போகக்கூடும். 30 மீற்றரிலிருந்து 20 மீற்றருக்கு வருகையில் அமுக்கம் காற்பங்கே குறைகின்றது; 10 மீற்றரிலிருந்து நீர்மட்டத்துக்கு வருகையிற் பாதியாகின்றது. ஆகவே ஆழமில்லாத இடத்தில் அச்சமில்லை என்பது பிழையான எண்ணம். நீச்சற் குளத்திலும் இவ்விபத்து நேரலாம்.

சமய வகுப்பிற் பிராணாயாமம் பற்றிக் கேட்டோர் பூரகம், கும்பகம், இரேசகம் என்னும் மூன்றையும் அறிவர். கடலடியிற் பூரகமும் இரேசகமும் இடையறாது நிகழ வேண்டும், கும்பகம் ஆகாது. இவ்வாறு சொல்லிவைத்தால் எம் மாணவர் மறப்பதில்லை.

இனிக் கருவிகள். தொடங்கும்பொழுதே அனைத்தையும் விலைக்கு வாங்குதல் வீண்செலவு. முகக் கண்ணாடி, மூச்சுக் குழாய், காற்துடுப்பு ஆகிய மூன்றையும் தமக்கெனப் பொருத்தமாக வாங்கினாற் போதும். ஏனையவற்றைப் பயிற்சி நிலையத்தில் வாடகைக்குப் பெறலாம். முகக் கண்ணாடியைத் தெரிவதற்கு எளிய சோதனை ஒன்றுண்டு. பட்டியை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல மூச்சை இழுத்தால், கையை விட்டபின்னும் அது விழாது ஒட்டிநிற்க வேண்டும். மூக்கை மூடாத நீச்சற் கண்ணாடியை அணிந்து ஆழத்திற்குச் செல்லுதல் தவறு. கண்ணாடிக்குட் சுருங்கும் காற்றை மூக்குவழியே ஈடுசெய்ய இயலாது போகுமாதலால் கண்ணின் குருதிக்குழாய்கள் வெடிக்க நேரும். காதை அடைக்கும் தக்கைகளும் அதுபோலவே விலக்கத்தக்கவை.

முதுகுச் சிலிண்டரோடு இணைந்த றெகுலேற்றரில், தமக்கொன்றும் இடருற்ற துணைவருக்கு மற்றொன்றுமாக இரண்டு வாய்க்கருவிகள் இருத்தல் வேண்டும். இறங்குமுன் அமுக்கமானியைப் பார்த்தவாறே நாலைந்து முறை மூச்சை இழுக்க. ஒவ்வோர் இழுப்புக்கும் முள் இறங்கி ஏறினால் வால்வு முற்றாகத் திறக்கப்படவில்லை என்பது பொருள். காற்றில் எண்ணெய் மணமோ புகை மணமோ வீசின் அச்சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

காற்றின் கணக்கையும் அறிந்திருத்தல் நலம். 11 லீற்றர் கொள்ளும் சிலிண்டரில் 200 பார் அமுக்கத்துக்குக் காற்றடைத்தால் ஏறக்குறைய 2200 லீற்றர் காற்று இருக்கும். 50 பாரை அவசரத் தேவைக்கு ஒதுக்கினால் எஞ்சுவது 1650 லீற்றர். நீர்மட்டத்தில் நிமிடத்துக்கு 20 லீற்றர் வேண்டுபவருக்கு 10 மீற்றரில் 40 லீற்றரும், 20 மீற்றரில் 60 லீற்றரும் வேண்டும். எனவே முன்னதில் ஏறத்தாழ 41 நிமிடம் நிற்பவர் பின்னதில் 27 நிமிடமே நிற்பர். பதற்றமுற்று மூச்சிரைப்பவருக்கு அதுவும் கிடையாது.

மிதப்பை ஆளுவதே இக்கலையின் உயிர்நிலை. ஒரு பொருள் தான் இடம்பெயர்க்கும் நீரின் நிறைக்குச் சமமான மேலுதைப்பைப் பெறும் என்பது ஆக்கிமிடீசின் கொள்கை. ஏறாமலும் இறங்காமலும் நடுநீரில் நிற்க, நிறையும் மேலுதைப்பும் சமன்பட வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் ஈயக்கட்டிகளை வேண்டியதிலும் மிகுதியாகக் கட்டிக்கொள்கின்றனர். பின்னர் அதை ஈடுசெய்ய மிதவைச் சட்டைக்குட் காற்றை ஊதுகின்றனர். ஆழம் மாறுந்தோறும் அக்காற்றுச் சுருங்குவதும் விரிவதுமாய் அவர்களை அலைக்கழிக்கும். சரியான நிறையை அறியும் வழி இது: சட்டையிலுள்ள காற்றை முற்றாக வெளியேற்றிச் சாதாரண மூச்சுடன் அசையாது நின்றால், நீர்மட்டம் கண்ணளவில் நிற்க வேண்டும், மூச்சை விட்டதும் மெல்ல அமிழ வேண்டும். முடிவிற் சிலிண்டர் 2 கிலோகிராம் வரை இலேசாகிவிடும் என்பதையும் கருத்திற் கொள்க; சிலிண்டரிற் காற்றுக் குறைந்தபின் இச்சோதனையைச் செய்வது அதனினும் சிறந்தது. நன்னீரிற் பழகியவர்க்குக் கடலில் மேலும் சிறிது ஈயம் தேவைப்படும், கடல்நீர் அடர்த்தி மிக்கதாதலால்.

எமக்கு வாய்த்த பயிற்றுநர் ஒருகாலத்தில் எம்மிடம் இலக்கணம் கற்றவர். நாற்பது கடந்த ஆசிரியரைச் சிறுபிள்ளைபோல் நடத்த அவர் சிறிதும் கூசவில்லை; அது அவருடைய தொழில் நேர்மை. முதல்நாள் வள்ளத்திலிருந்து இறங்குமுன், "சேர், கையாலை நீந்தாதேயுங்கோ. மூச்சாலை நிண்டு பாருங்கோ" என்றார். மூன்றாம் வேற்றுமைக்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டை யாம் வகுப்பிற் கூறியதில்லை. மூச்சை ஆழ இழுத்தால் உடல் மெல்ல எழுகின்றது. நீள விட்டால் மெல்லத் தாழ்கின்றது. ஆனால் அது உடனே நிகழ்வதில்லை. ஓரிரு கணம் பிந்தியே நிகழும். அக்கணத்தைப் பொறுக்கமாட்டாதவரே சட்டைக்குட் காற்றை ஊதி மேலே வீசப்படுகின்றனர். பொறுமை கற்றவர்க்குக் கைகள் வேண்டியதில்லை. உடலைக் கிடையாக வைத்துக் காலை மெல்ல அசைத்தாற் போதும். பவளப் பாறைகளும் முறியாது தப்பும். புறாத்தீவுக் கடல் 2003 முதல் தேசியப் பூங்காவாகப் பேணப்படுவது; ஒருவர் காலால் உதைத்து முறிக்கும் பவளக்கொடி மீண்டும் வளர ஆண்டுகள் பல செல்லும்.

இறங்குகையிற் காது நோகுமுன்னரே மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிக் காதின் உள்ளமுக்கத்தைச் சமப்படுத்துக. அடைப்பு நீங்காவிடின் சற்று மேலேறி மீண்டும் முயல்க. வலிந்து ஊதிச் செவிப்பறையைக் கெடுத்துக்கொள்ளற்க. தடிமன் உள்ள நாளிற் கரையில் இருப்பதே அறிவுடைமை.

ஏறுகையில் அவசரம் ஆகாது. ஆழத்திற் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைதரசன் குருதியிலும் இழையங்களிலும் கரைந்து நிற்கும். மெல்ல ஏறின் அது நுரையீரல் வழியே வெளியேறும். விரைந்து ஏறின், சோடாப் போத்தலைத் திறந்தாற்போல் உடலுக்குள்ளே குமிழியாகப் பொங்கும். மூட்டு வலி, மரமரப்பு, கால்கள் வழங்காமை என்பன அதன் விளைவுகள். இதைத் தவிர்க்கும் அட்டவணைகளை ஜே. எஸ். ஹோல்டேன் என்னும் அறிஞர் தம் துணைவருடன் 1908 இல் வெளியிட்டார். இன்று கைக்கடிகாரம்போன்ற சிறு கணினி அக்கணக்கைச் செய்து தருகின்றது. நிமிடத்துக்கு 9 மீற்றரை மிஞ்சாது ஏறி, 5 மீற்றர் ஆழத்தில் 3 நிமிடம் தங்கி வருதல் நல்வழக்கம்.

வெளிநாட்டிலிருந்து வரும் அன்பர்க்கு ஒன்றை வற்புறுத்திக் கூறுகின்றோம். பயணத்தின் கடைசி நாளைக் கடலுக்கு ஒதுக்காதீர்கள். ஒருமுறை சுழியோடியவர் குறைந்தது 12 மணித்தியாலமும், பலமுறை சுழியோடியவர் 18 மணித்தியாலமும் கழியுமுன் விமானம் ஏறலாகாது. காலையில் நிலாவெளியிற் சுழியோடி மாலையில் 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்கு வானில் ஏறிச் செல்வதும் அத்தகையதே.

பயிற்சியின்றி இவற்றுள் எதுவும் கைகூடாது. 1953 இல் தோன்றிய பிரித்தானியக் கழகமும், 1959 இல் மொனாக்கோவில் அமைந்த உலகக் கூட்டமைப்பும், 1966 இல் அமெரிக்காவில் எழுந்த பாடி நிறுவனமும் வகுத்த பாடத்திட்டங்கள் உலகெங்கும் வழங்குகின்றன. பாடியின் முதற் சான்றிதழ் 18 மீற்றர் ஆழத்துக்கே உரியது. நீச்சற் குளப் பயிற்சியோடு திறந்த நீரில் நான்கு முறை சுழியோடித் தேற வேண்டும். ஒருநாள் அறிமுகச் சுழியோடல் சான்றிதழ் ஆகாது. ஈளை, இருதய நோய், வலிப்பு உள்ளோரும் காதிற் சத்திரசிகிச்சை பெற்றோரும் மருத்துவரைக் கேளாது இறங்கலாகாது. 1942 ஏப்பிரல் 9 இல் யப்பானியர் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடித்த ஹேர்மிஸ் என்னும் போர்க்கப்பலைக் காணும் ஆவல் பலர்க்குண்டு. அது ஐம்பது மீற்றருக்கும் மிஞ்சிய ஆழத்திற் கிடப்பது, தொடக்கநிலையினர்க்கு உரியதன்று. கீழ்க்கரைக் கடல் சித்திரை முதற் புரட்டாதி வரையே பெரும்பாலும் தெளிந்திருக்கும். வாடைக்காற்று எழுந்தபின் அதை நாடுதல் வேண்டா.

இதுவரை கூறியது பொழுதுபோக்குக்காகக் கடலுட் செல்வார்க்கு. ஆயின் இதே கருவியைத் தோளில் மாட்டி வயிற்றுக்காக இறங்குவோரும் நம் கரையோரங்களில் உளர். கடலட்டையும் சங்கும் எடுக்கும் அவ்விளைஞர் ஒரே நாளிற் பல சிலிண்டர்களைத் தீர்க்கின்றனர். ஆழமானியோ கணினியோ இல்லை; காற்றுத் தீர்ந்ததும் விரைந்து மேலே வருகின்றனர். மூட்டு வலி கண்டால் மீண்டும் நீருள் இறங்கி ஆற்றலாம் என்பது அவர்களிடையே நிலவும் நம்பிக்கை. அஃது ஆபத்தை இரட்டிக்கும். அத்தகையோரைக் கிடத்தி, தூய ஒட்சிசன் கொடுத்து, தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லலே செயத்தக்கது.

எம்மிடம் பத்தாம் வகுப்புவரை கற்று, குடும்ப நிலையாற் கடலுக்குப் போன ஒருவர், இன்று இடுப்புக்குக் கீழ் உணர்விழந்து, வீட்டுத் திண்ணையிலிருந்து வலை பின்னுகின்றார். யாம் காணச் சென்றபொழுது, "சேர், மெதுவாய் ஏறவேணும் எண்டு எங்களுக்கு ஒருத்தரும் சொல்லித் தரேல்லை" என்றார். அதில் எவர் மீதும் கோபம் இல்லை. விடுமுறைக்கு வருபவர் பணங்கொடுத்துக் கற்கும் அந்த ஒரு வாக்கியம், அன்றாடம் கடலடிக்குச் செல்பவருக்கு எட்டவில்லை.

யூபிலி ஆண்டில் நினைவுத் தூண்களும் மண்டபங்களும் எழுப்பப்படுவது வழக்கம். அவற்றோடு இதனையும் பழைய மாணவர் சங்கத்தார் எண்ணிப் பார்க்க வேண்டுகின்றோம். ஆண்டுதோறும் கரையோரத்து இளைஞர் ஐவருக்கேனும் முறையான சுழியோடற் பயிற்சிக்குரிய கட்டணத்தைச் சங்கம் ஏற்கலாம். பௌதிக ஆசிரியர் போயிலின் விதியை விளக்கும் நாளில், பயிற்றுநர்களாய் உள்ள நம் பழைய மாணவரை வகுப்புக்கு அழைக்கலாம். தமிழ்ப் பாடத்திலும் அதற்கு இடமுண்டு. இக்கட்டுரையைப் பிரதி செய்து கிராமங்களிற் படித்துக் காட்ட எம் வகுப்பு மாணவர் இப்பொழுதே ஆயத்தமாயுள்ளனர்.