மாற்று ஆளாக வந்தவர்

அக்டோபர் 9

1906-இல் இதே தேதியில்தான் சிகாகோவின் இரண்டு பேஸ்பால் அணிகள் உலகத் தொடரில் மோதத் தொடங்கின. ஒரே ஊர் அணிகள் இரண்டும் இறுதிக்கு வந்தது அதுவே முதல் தடவை. அவர்கள் ஆடிய தேதிகளிலேயே, நாளுக்கு ஓர் ஆட்டமாகப் படிக்கப் போகிறேன்.

நகரின் மேற்குப் பக்கத்து கப்ஸ் அந்தப் பருவத்தில் வெற்றி தோல்வி முடிவான 152 ஆட்டங்களில் 116-ஐ வென்றிருந்தது. தெற்குப் பக்கத்து ஒயிட் சாக்ஸின் பேட்டிங் சராசரி .230, அவர்கள் லீக்கில் அதுதான் கடைசி. பந்தெறியும் பிட்சர்களின் கைதான் அவர்களைக் கரை சேர்த்தது. பனித்தூறலில் நடந்த முதல் ஆட்டத்தை 2-1 என ஒயிட் சாக்ஸ் வென்றது. வழக்கமான ஆட்டக்காரர் ஜார்ஜ் டேவிஸ் ஆட முடியாததால் அணிக்குள் வந்த ஜார்ஜ் ரோஹி, முதல் நாளே ஒரு டிரிபிள் அடித்தார்: ஒரே அடியில் மூன்றாவது பேஸ்வரை ஓட்டம்.

அக்டோபர் 10

கப்ஸ் 7-1. எட் ரூல்பாக் எறிந்த பந்துகளில் ஒயிட் சாக்ஸுக்குக் கிடைத்தது ஒரே ஒரு ஹிட்.

அக்டோபர் 11

இந்தத் தொடரில் என் மனம் ஒட்டிக்கொண்ட நாள் இது. ஆறாவது இன்னிங்ஸ் வரை யாரும் ரன் எடுக்கவில்லை. மூன்று பேஸிலும் ஒயிட் சாக்ஸ் ஆட்கள் நிற்க, மட்டையோடு வந்தார் ரோஹி. மறுபடியும் டிரிபிள்! அடித்தவர் மூன்றாவது பேஸுக்கு ஓடிச் சேர்வதற்குள் மூவரும் ரன் எடுத்துவிட்டார்கள். எச்சில் தடவிப் பந்தெறிவதில் பேர்பெற்ற எட் வால்ஷ் 12 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். 3-0.

அக்டோபர் 12

கப்ஸ் 1-0. எறிந்தவர் மார்டிகாய் பிரவுன். சிறு வயதில் தீவனம் வெட்டும் இயந்திரத்தில் சிக்கி, வலது கை ஆள்காட்டி விரலின் பெரும்பகுதியை இழந்தவர். அந்த மொட்டை விரலை ஊன்றி எறிந்த பந்து, மட்டையை நெருங்கும்போது சட்டென்று தாழ்ந்து போகுமாம். இழப்பையே தொழில் நுணுக்கமாக மாற்றிக்கொண்ட கை அது.

அக்டோபர் 13

அடிக்கத் தெரியாதவர்கள் என்று பெயரெடுத்த ஒயிட் சாக்ஸ் 8 ரன் குவித்தது. ஃபிராங்க் இஸ்பெல் மட்டும், இரண்டாவது பேஸ்வரை ஓடும் டபிள் நான்கு அடித்தார். 8-6. இன்னொன்றையும் கவனித்தேன்: இந்த ஐந்து ஆட்டங்களில் எந்த அணியும் தன் சொந்த மைதானத்தில் ஜெயிக்கவில்லை.

அக்டோபர் 14

ஒரே நாள் ஓய்வுக்குப் பிறகு பிரவுனை மறுபடி இறக்கினார்கள். இரண்டாவது இன்னிங்ஸைக்கூட அவரால் முடிக்க முடியவில்லை. 8-3. தெற்குப் பக்கத்து மைதானத்தில் 19,249 பேர் பார்க்க, ஒயிட் சாக்ஸ் 4-2 என்று தொடரையே வென்றது.

116 வெற்றி என்பது பெரிய கணக்குதான். இன்றுவரை அதை யாரும் தாண்டவில்லை, 2001-இல் சியாட்டில் அணி மட்டும் சமன் செய்தது. ஆனால் அது முடிந்துபோன ஆட்டங்களின் கணக்கு. அன்றைய ஆட்டத்தை அன்றைக்குத்தான் ஆடியாக வேண்டும். தன் முறை வந்தபோது தயாராக இருந்தவர் ரோஹி. 1907-க்குப் பிறகு அவர் பெரிய லீக்கில் ஆடவே இல்லை.