சக்கரத்தின் நடுவெழுத்து

சித்திரகவியைப் படம் இல்லாமல் படிப்பது, பண் இல்லாமல் பதிகம் படிப்பதைப் போன்றது. சொற்பொருள் விளங்கும், பாடியவன் பட்ட பாடு விளங்காது. தண்டியலங்காரத்தின் சொல்லணியியலைத் தொடும் வேளையில் பருவத்தேர்வும் நெருங்கிவிடுவதால், கோமூத்திரி, முரசபந்தம், நாகபந்தம், சக்கரபந்தம் என்று பெயர்ப்பட்டியலை ஒப்பித்து, 'இவை மிறைக்கவிகள்' என்று முடித்துவிடும் வழக்கம் பரவலாக உண்டு. வெறும் சொல்விளையாட்டு என்ற ஏளனமும் அங்கேதான் பிறக்கிறது. ஒருமுறையேனும் தம் கையால் வரைந்து பார்த்தவர் அப்படிச் சொல்லத் துணியார் என்பது நம் துணிபு.

ஆகவே, இவ்வாண்டு முதுகலை மாணவர்களுடன் கணிப்பொறியில் ஒரு சக்கரம் வரையப் புகுந்தோம். கருவி, இங்க்ஸ்கேப். 2003-இல் சோடிபோடி என்னும் மென்பொருளிலிருந்து கிளைத்த கட்டற்ற வரைகலை மென்பொருள், காசு கேட்பதில்லை. எடுத்துக்காட்டாக மாகனின் சிசுபாலவதத்தைக் கொண்டோம். தண்டியலங்காரமே வடமொழிக் காவியாதரிசத்தை ஒட்டி எழுந்ததாதலின் இது அயல்வீடு அன்று. அக்காப்பியத்தின் 19-ஆம் சருக்கம் சித்திரகவிகளுக்கென்றே பேர்பெற்றது. அதன் இறுதியில் ஆறு ஆரங்களைக் கொண்ட ஒரு சக்கரபந்தம் வருகிறது.

அதன் அமைப்பு இது. அடிக்கு 19 எழுத்து. முதல் மூன்று அடிகளும் சக்கரத்தின் மூன்று விட்டங்கள். ஒவ்வோர் அடியிலும் பத்தாம் எழுத்து ஒன்றே. அது குறட்டில், அதாவது நடுவில், அமர்கிறது. நான்காம் அடி மூன்றாம் அடியின் கடையெழுத்தில் தொடங்கிச் சூட்டின் வழியே சுற்றி, தொடங்கிய இடத்திலேயே முடிகிறது. வழியில் ஆரங்களின் நுனியெழுத்துகளையும் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது.

வரைவது எளிது என்றே தோன்றும். செங்குத்தாக 19 சிறு வட்டங்களை அடுக்கி, ஒரு குழுவாக்கி, நகலெடுத்து 60 பாகை திருப்பினால் இரண்டாம் அடி. மீண்டும் ஒருமுறை செய்தால் மூன்றாம் அடி. முதல் தடை நகலிலேயே வந்தது. கன்ட்ரோல்-டி அழுத்தினால் ஒன்றும் நிகழாததுபோல் இருந்தது. ஒரு மாணவி நான்கு முறை அழுத்திவிட்டு, "இது வேலை செய்யவில்லை, ஐயா" என்றார். உண்மையில் நான்கு நகல்கள் பிறந்திருந்தன. இங்க்ஸ்கேப் நகலை மூலத்தின் மேலேயே அச்சுப் பிசகாமல் வைத்துவிடும். இழுத்துப் பார்த்தால்தான் தெரியும். கோரல்டிராவில் பழகியவர் நகல் சற்றுத் தள்ளி விழும் என்று எதிர்பார்ப்பார். இல்லஸ்ட்ரேட்டரில் அதே விசை, கடைசியாகச் செய்த மாற்றத்தைத் திரும்பச் செய்வதற்குரியது. ஒரே விசைக்கு மூன்று வீட்டில் மூன்று பொருள்.

அடுத்தது சுழற்சி. தேர்ந்தெடுத்த உருவத்தை இன்னொரு முறை சொடுக்கினால் மூலைகளில் வளைந்த அம்புகளும் நடுவில் ஒரு சிறு சிலுவைக் குறியும் தோன்றும். அக்குறிதான் அச்சாணி. கன்ட்ரோலை அழுத்தியபடி அம்பை இழுத்தால் 15 பாகைப் படிகளாகத் திரும்பும். நான்கு படி ஏறினால் 60. விட்டம் இருபுறமும் ஒத்திருப்பதால் மென்பொருள் கணிக்கும் மையமும் குறடும் ஒன்றாகிவிடுகின்றன. இதுவரை இடரில்லை.

சூட்டுக்கு வந்ததும் இடர் தொடங்கியது. விளிம்பில் 18 இடங்கள், இடைவெளி 20 பாகை. குழுவைக் கலைத்து, உச்சி வட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற ஐந்து நுனி வட்டங்களையும் நீக்கினோம். உச்சி வட்டத்தை நகலெடுத்துத் திருப்பினால் படத்தில் அசைவே இல்லை. காரணம் எளியது. ஓர் உருவத்தின் அச்சாணி, அதைச் சூழும் கட்டத்தின் நடுவிலேயே முதலில் நிற்கும். வட்டம் தன்னைத்தானே சுற்றினால் கண்ணுக்கு என்ன தெரியும்? சிலுவைக் குறியைப் பிடித்து இழுத்துக் குறட்டில் நாட்டவேண்டும். அங்கே இரு வழிகாட்டிக் கோடுகளை வெட்டவிட்டு, ஒட்டும் வசதியை இயக்கிக்கொண்டால் குறி பிசகாது. பிறகு எடுக்கும் நகல்களும் அந்த அச்சாணியை நினைவில் வைத்திருக்கும். ஆனால் அவற்றைக் குழுவாக்கினால் புதிய குழு தன் நடுவைப் புதிதாகக் கணித்துக்கொள்ளும், சக்கரம் கழன்றோடும்.

20 என்பது 15-இன் மடங்கன்று. ஆகவே கையால் இழுக்கும் படிகள் இங்கே உதவா. உருமாற்றப் பெட்டியைத் திறந்து எண்ணை இடுவதே வழி. வலஞ்சுழியா இடஞ்சுழியா என்பதையும் அங்கேயே தேரலாம். பதினேழு நகல்களில் சூட்டு நிறைந்தது. எழுத்துகளை மட்டும் வட்டங்கள் அமைந்த பிறகே இடவேண்டும். எழுத்தோடு சேர்த்துச் சுழற்றினால் சில சாயும், சில தலைகீழாகும்.

இனி, நாம் சொல்லவந்தது. மூன்று விட்டங்களையும் வரைந்து முடித்துக் குழுவைக் கலைத்ததும், திரையின் அடியில் மென்பொருள் 57 என்று கணக்குக் காட்டியது. மாகனின் கணக்கு 55. மீதி இரண்டும் குறட்டில், ஒன்றன்மேல் ஒன்றாக, கண்ணுக்குப் புலப்படாமல் கிடந்தன. அவற்றை நீக்கியபோது ஒரு மாணவர் தாமாகவே தாளை எடுத்துக் கணக்கிடத் தொடங்கினார். நான்கடிக்கும் 76 எழுத்து. குறட்டெழுத்தை மூன்று அடிகள் பகிர்வதால் இரண்டு குறையும். ஆரநுனிகள் ஆறையும் நான்காம் அடி மீண்டும் படிப்பதால் ஆறு குறையும். அவ்வடி தொடங்கிய இடத்திலேயே முடிவதால் இன்னும் ஒன்று. ஆக 67 இடங்களில் 76 எழுத்து. திரையில் எண்ணினோம், 67 வட்டங்கள் இருந்தன.

மென்பொருள் ஒன்றைப் பலவாக்குகிறது. கவிஞன் ஒன்றைப் பலமுறை படிக்கவைக்கிறான். முன்னதற்கு நினைவகம் போதும். பின்னதற்கு மூன்று வாக்கியங்களும் ஓர் எழுத்தில் வந்து சந்தித்து, பொருள் கெடாமல் பிரிந்து செல்லவேண்டும். உருவத்தின் எல்லைகளை அளந்து மையத்தைக் கணிக்கிறது கருவி. கவிஞனோ மையத்தை முதலில் நாட்டிவிட்டு எல்லைகளைப் பிறகு தேடுகிறான்.

தண்டியலங்கார உரையில் ஆறாரைச் சக்கரத்தோடு நான்காரையும் எட்டாரையும் உள்ளன. நான்கிற்கு 90 பாகை, எட்டிற்கு 45. இரண்டுமே 15-இன் மடங்குகள். அன்பர்கள் வரைந்து பார்க்கலாம். நகல்களைச் சுழற்றி முடித்ததும் குறட்டைச் சொடுக்கி, அங்கே எத்தனை வட்டங்கள் கிடக்கின்றன என்று மட்டும் எண்ணிப் பாருங்கள்.