வரலாற்றுக் குரூப்பு

எங்க பக்கத்து அரசுப் பள்ளிகளில் பத்தாவது மார்க்கை வச்சு ஒரு வருணாசிரமம் நடக்கும். நல்ல மார்க்கு எடுத்தவனுக்கு முதல் குரூப்பு. அடுத்தவனுக்கு காமர்ஸ். மிச்சம் இருக்கிறவங்களுக்கு வரலாறு. மிச்சம்னா யாருன்னு சொல்ல வேண்டியதில்லை. காலனியிலிருந்து போன புள்ளைங்கதான் அந்த பெஞ்சுகளை நிரப்பினோம். "உங்களுக்கெல்லாம் இதுவே அதிகம்" என்று சொல்லித்தான் சேர்க்கைப் படிவத்தையே நீட்டினார்கள். வரலாறு இல்லாதவங்கன்னு ஒதுக்கினவங்க கையிலேயே வரலாற்றைக் குடுத்தாங்க. அந்தப் புத்தகத்திலோ நாம இல்லை.

ரயத்துவாரி முறையை எடுத்துக்கொள்வோம். தாமஸ் மன்றோ, 1820, சென்னை மாகாணம். இடையில் ஆள் இல்லாமல் அரசு நேரடியாக உழவரிடம் வரி வாங்கியது. ராகம் போட்டு மனப்பாடம் பண்ணினோம். "உழவர்னா பட்டா வச்சிருந்தவரா சார், ஏர் ஓட்டினவரா?" என்று கேட்டால், "பரீட்சைக்கு வராததைக் கேக்காதே" என்று பதில் வந்தது.

கேள்வி அங்கேதான் இருக்கு. ஏர் ஓட்டினதும் நாத்து நட்டதும் மடை திருப்பினதும் படியாளும் பண்ணையாளும். அவங்க பேரு பட்டாவுல ஏறல. செங்கல்பட்டுப் பக்கம் குடிசை போட்ட மனையே மிராசுதாரர் பிடியில். எதுத்துப் பேசினா குடிசையைப் பிரிச்சுடுவான். "நெலம் அவங்களது, சேறு மட்டும் நம்மளது" என்று எங்க ஆயா சொல்லும். ஆயா பள்ளிக்கூடம் போனதில்லை. ரயத்துவாரியைப் பத்தி நான் படிச்சதுல அதுதான் சரியான விடை.

இதைத்தான் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் அறிக்கையாக எழுதினார். தரிசு நிலத்துக்கு நம்மாளு தர்காஸ்து போட்டா, மிராசுதாரர் முன்னுரிமை சொல்லித் தடுத்ததை அரசாங்கத்துக்கு எடுத்துச் சொன்னார். 1892ல் அரசாணை வந்தது. அதுதான் பஞ்சமி நிலம். பத்து வருசத்துக்கு விற்கக் கூடாது. அதுக்கப்புறமும் நம்ம மக்களுக்குத்தான் விற்கலாம். வெள்ளைக்காரன் கருணையால் மட்டும் வந்ததில்லை இது. 1891ல் அயோத்திதாசர் திராவிட மகாஜன சபையைத் தொடங்கிவிட்டார். 1893ல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' பத்திரிகை நடத்தினார். நம்மவர்கள் மனு எழுதிக் கேட்ட காலம் அது.

அந்த நிலம் எங்கே போச்சு? காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியபோது, 1994 அக்டோபர் 10ல் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள். நூற்றிரண்டு வருசத்துக்கு முந்தைய ஓர் அரசாணையை நடத்திக் காட்டு என்று கேட்டதற்கு இந்தக் கூலி.

2018க்குப் பின் பாடநூல்கள் மாறின. பத்தாம் வகுப்பிலேயே அயோத்திதாசர் பேர் வந்துவிட்டது. சந்தோசம்தான். ஆனால் பேரைச் சேர்த்தால் போதாது. பெரிய மனிதர் பட்டியலில் நம்மாளு ஒருத்தரை உட்கார வச்சுட்டு, ரயத்துவாரியை பழையபடி நடத்தினால் வரலாறு மாறாது.

இந்த வருசம் வரலாற்றுக் குரூப்பில் சேர்ந்த தம்பி, தங்கச்சிகளுக்குச் சொல்கிறேன். மிச்சமாக வந்து உட்கார்ந்திருக்கிறோம் என்று கூனிப் போகாதீர்கள். பாடத்தை நல்லா படிச்சு மார்க்கை வாங்குங்க. லீவு நாளில் நாலு பேராகச் சேர்ந்து கிராம நிர்வாக அலுவலரிடம் போய் அ-பதிவேட்டைக் கேளுங்க. உங்க ஊரில் டி.சி. நிலம் எந்த சர்வே எண், எத்தனை ஏக்கர், இப்போ யார் கையில் என்று நோட்டில் எழுதுங்க. பாடநூல் எழுதாமல் விட்ட பக்கம் அதுதான்.