கதையில் வந்த குறும்பன்

நீலகிரிச் சாரலில் ஒரு சிற்றூரைக் களமாக வைத்துப் பேய் நாவல் ஒன்று எழுத வேண்டும் என்ற ஆசை எனக்கு வெகு நாளாக இருந்தது. அதற்கான கதையும் கைவசம் இருந்தது. கோத்தகிரிக்குக் கீழே தேயிலைத் தோட்டத்து லயன் வீடு ஒன்றில், மூடுபனி இறங்கி எதிர்வீட்டு விளக்கையும் மறைத்துவிட்ட மார்கழி இரவுகளில், அடுப்படியில் குந்தியபடி என் பாட்டி சொன்ன கதை அது. காட்டிலிருந்து ஏறிவரும், குறும்பர் என்னும் பழங்குடியைச் சேர்ந்த ஒருவன், உடம்பில் மை பூசிக் கரடியாகவோ நாயாகவோ உருமாறி, உறங்கும் வீட்டின் கதவைத் தானே திறந்துகொள்ளச் செய்து உள்ளே புகுவான். அவன் கண் பட்டவன் பதினைந்து நாளில் குளிர் கண்டு நடுங்கிச் சாவான். அது எந்த ஊரில் நடந்தது என்று கேட்டால் மட்டும், "பேரைச் சொன்னா அவன் காதுல விழும்டா கண்ணு" என்று பாட்டி பேச்சை மாற்றிவிடுவாள்.

இந்தக் கதைக்கு மூலம் எது என்று அறியும் ஆவலில் உதகையின் பழைய நூலகம் ஒன்றில் புகுந்தபோது, முதலில் என் கைக்கு அகப்பட்டது பிரம்ம ஞான சபையை நிறுவியவர்களுள் ஒருவரான பிளாவட்ஸ்கி அம்மையாரின் கிரந்தம். 1883-ம் வருஷம் உதகையில் ஜெனரல் மார்கன் தம்பதியின் வீட்டில் சில வாரங்கள் விருந்தாளியாகத் தங்கியிருந்த அந்த அம்மையார், கேட்டதையும் கற்பனை செய்ததையும் கலந்து, நீலமலை ஜனங்களைப் பற்றி ரஷ்ய மொழியில் தொடராக எழுதியதே அந்தக் கிரந்தம். தாஸ்தாயெவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' வெளிவந்த அதே மாஸ்கோ பத்திரிகையில்தான் 1884-85-ல் இதுவும் வந்தது. அதில் தோடர்கள் பாலும் சூரிய ஒளியுமாக வாழும் புண்ணிய புருஷர்கள்; குறும்பர்களோ பார்வையாலேயே உயிரைக் குடிக்கும் துர்மந்திரவாதிகள். பாட்டியின் கதை கடல் கடந்து போய் அச்சேறியிருந்ததைக் கண்டு அன்று நான் அடைந்த ஆனந்தம் கொஞ்சமல்ல.

அந்த ஆனந்தம் மறுநாள் வரைக்கும் நிலைக்கவில்லை. பிரான்சிஸ் துரை தொகுத்து 1908-ல் வெளியான நீலகிரி கெஜட்டியரைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, குறும்பர்களைப் பற்றிய பக்கத்தில், மழை அளவையும் சாலை நீளத்தையும் குறிக்கும் அதே நிதானத்தோடு எழுதப்பட்ட சில வரிகள் கண்ணில் பட்டன. சூனியம் வைத்தார்கள் என்ற சந்தேகத்தின் பேரில் 1835-ல் நாற்பத்தெட்டுக் குறும்பர்கள் கொல்லப்பட்டார்கள். 1875-லும் 1882-லும் மேலும் சிலர். 1900-ல், ஊருக்கு நோயைக் கொண்டுவந்தான் என்று கருதப்பட்ட வைத்தியன் ஒருவனை அவன் குடும்பத்தோடு தீர்த்துவிட்டார்கள். அக்கம்பக்கத்து ஜனங்களின் அநுதாபம் முழுவதும் கொன்றவர்கள் பக்கமே இருந்தபடியால் துப்புத் துலங்குவது கஷ்டமாயிற்று. குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுதலையானார்கள். அந்தப் பக்கத்தைப் படித்த பிறகு வேறு பக்கம் புரட்ட எனக்கு மனம் வரவில்லை.

அச்சம் எங்கிருந்து முளைத்தது? குறும்பர் குடியிருப்புகள் மலையின் உச்சியிலே இல்லை. சரிவிலே, வெப்பமும் கொசுவும் மிகுந்த காட்டுக்குள் இருந்தன. மேட்டு நிலத்தான் ஒருவன் காரியமாகக் கீழே இறங்குகிறான். வழியில் குறும்பனைச் சந்திக்கிறான். குளிர்ந்த தன் ஊருக்குத் திரும்பிப் பத்துப் பதினைந்து நாள் சென்றபின், காரணம் எதுவும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், பல் கிட்டும்படி குளிர் காண்கிறது. மலேரியா தலைகாட்டவும் கொசு கடித்தபின் ஏறக்குறைய அத்தனை நாள் செல்கிறது. 1897 ஏப்ரலில் உதகைக்கு வந்த மருத்துவர் ரொனால்டு ராஸ், அந்தக் காய்ச்சலின் காரணத்தைத் தேடிச் சீகூர்ச் சரிவில் இறங்கி, தாமே அதற்கு ஆளானார். அவ்வருஷம் ஆகஸ்டு மாதம் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் நோய்க்கிருமியைக் கண்டுபிடித்தார். பாட்டி சொன்ன பதினைந்து நாளுக்கு எனக்குத் தோன்றும் விளக்கம் இதுதான்.

விசித்திரம் என்னவென்றால், எவனுடைய கண்ணுக்கு ஊர் நடுங்கிற்றோ, அவனுடைய கைக்காகவே அது காத்தும் இருந்தது. மேட்டு நிலத்து உழவர்களான படகரின் ஊர்களில் முதல் விதையைத் தூவவும் முதல் கதிரை அறுக்கவும் குறும்பனைத்தான் அழைப்பார்கள். அதற்குக் கூலியாக வருஷந்தோறும் தானியம் அளப்பார்கள். அந்த உறவின் மறுபுறத்தைக் கேட்க விரும்பி, ஒரு மாசி மாதம், கோத்தகிரிச் சரிவிலுள்ள, கோம்பை எனப்படும் குறும்பர் குடியிருப்பு ஒன்றுக்கு நடந்து சென்றேன். திண்ணையில் ஒரு முதியவர் காட்டுக்கொடியை முறுக்கி ஏணி பின்னிக்கொண்டிருந்தார். செங்குத்தான பாறையில் மலைத்தேன் அடை எடுக்க அந்த ஏணியில்தான் தொங்கி இறங்க வேண்டும். மேலே கொடியைப் பிடித்துக்கொள்வது யார் என்று கேட்டேன். "மச்சான்தான் பிடிக்கணும் சாமி. தங்கச்சி தாலி அறுக்க எவன் சம்மதிப்பான்?" என்று சிரித்தார்.

சூனியத்தைப் பற்றி எப்படிக் கேட்பது என்று தயங்கிக்கொண்டிருந்தபோது, அவரே கொடியிலிருந்து கண்ணை எடுக்காமல், "எங்களுக்கு அந்த வித்தை தெரிஞ்சிருந்தா எங்க பாட்டன் பூட்டன் ஏன் சாமி செத்தாங்க?" என்றார். அதற்குப் பிளாவட்ஸ்கி அம்மையாரின் கிரந்தத்தில் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. முடிச்சை இறுக்கி, கொடியின் மறுமுனையை என் கையில் கொடுத்து இழுத்துப் பார்க்கச் சொன்னார். பலங்கொண்ட மட்டும் இழுத்தேன், அசையவில்லை.

நாவலை நான் எழுதவில்லை. ஊரின் பெயரைப் பாட்டி ஏன் மறைத்தாள் என்பதற்கு இப்போது வேறொரு காரணம் எனக்குப் படுகிறது. கேட்க அவள் இல்லை. அதே கதையை எழுதப் புகும் இளைஞர் யாரேனும் இருந்தால் அவருக்கு ஒரு விண்ணப்பம்: மலைமேல் ஊரிலிருந்து தொடங்காதீர்கள். 1900-ம் வருஷத்துக் குறும்பன் வீட்டுக்குள் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்து, வெளியே கேட்கும் காலடிகளை எண்ணித் தொடங்குங்கள்.