நாவல்பழ ‘ஜின்’... ஆனா, அதுல ஜின் இல்லை! ஜவ்வாது மலைப் பழத்தில் ஒரு வீட்டு காக்டெயில்

ஆனி, ஆடி மாதங்களில் ஜவ்வாது மலைக்குப் போய்வருகிறவர்களின் நாக்கைப் பார்த்தாலே தெரிந்துவிடும், வழியில் என்ன வாங்கிச் சாப்பிட்டார்கள் என்று. ஊதா நிறத்தில் அப்பியிருக்கும் நாவல்பழச் சாறு!

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களில் விரிந்துகிடக்கிறது ஜவ்வாது மலை. இங்கே வாழும் மலையாளி பழங்குடி மக்களுக்கு சாமை, தேன், புளி, பலா, சீத்தாப்பழம் என்று பருவத்துக்கு ஒரு வருமானம். அதில் ரொம்ப அவசரக்காரப் பழம் நாவல். சாமையை மூட்டை கட்டி வைக்கலாம், தேனைப் புட்டியில் அடைக்கலாம். நன்றாகப் பழுத்து உதிர்ந்த நாவல் இரண்டு நாள் தாங்குவதே பெரிய விஷயம். விற்காவிட்டால் கொட்ட வேண்டியதுதான்.

அதே நாவல், நகரத்து பார்களில் வேறு அவதாரம் எடுக்கிறது. உயரமான கண்ணாடி கிளாஸ், ஐஸ், மேலே ஒரு புதினா இலை. பெயர், ‘ஜாமுன் ஜின்’. ரீல்ஸில் அந்த ஊதா நிறத்தைப் பார்க்கிறவர்களுக்கு வரும் முதல் கேள்வி, ‘இதை வீட்டிலேயே செய்ய முடியுமா?’

முடியும். அதுவும் பாட்டியும் பேத்தியும் ஒரே ஜாடியிலிருந்து ஊற்றிக் குடிக்கிற மாதிரி!

ஜின்னில் என்னதான் இருக்கிறது?

ஜின் என்பது வாசனை ஏற்றிய மதுதான். தனக்கென்று பெரிதாகச் சுவை இல்லாத ஆல்கஹாலில் ஜூனிபர் என்ற காயின் மணத்தை ஏற்றுவார்கள். ஜூனிபருக்கு அடுத்தபடியாக பெரும்பாலான ஜின்களில் இருப்பது எது தெரியுமா? நம் வீட்டு மல்லி விதை! உலகம் முழுக்க விற்கும் ‘பாம்பே சஃபையர்’ ஜின்னில் சேரும் 10 பொருள்களில் மல்லி விதை, எலுமிச்சைத் தோல், அதிமதுரம், வால்மிளகு ஆகியவையும் உண்டு. பாதிப் பட்டியல் நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைத்துவிடும்.

ஜின்னோடு கலக்கும் டானிக் வாட்டரின் கசப்புக்குக் காரணம் குவினைன். மலேரியாவுக்கு மருந்தான இந்தக் குவினைனுக்காகத்தான் 1860-களில் ஆங்கிலேயர்கள் நீலகிரியில் சிங்கோனா மரங்களை வளர்த்தார்கள். ஆக, அந்த கிளாஸில் நாக்கைப் பிடிப்பது கசப்பு, புளிப்பு, இனிப்பு, மணம். இவை எதற்கும் ஆல்கஹால் தேவையில்லை. ஆல்கஹால் தருவது தொண்டையில் ஒரு சுருக். அதை வால்மிளகு பார்த்துக்கொள்ளும். கசப்பின் இடத்தை நாவலின் துவர்ப்பு எடுத்துக்கொள்ளும்.

செய்வது எப்படி? (2 கிளாஸ்)

முதலில் மசாலாத் தண்ணீர். ஒரு டேபிள்ஸ்பூன் மல்லி விதை, 4 வால்மிளகு, 2 ஏலக்காய் ஆகியவற்றை ஒன்றிரண்டாகத் தட்டிக்கொள்ளுங்கள். சுண்டுவிரல் நகமளவு அதிமதுரம், அரை எலுமிச்சையின் தோல் சேர்த்து 300 மி.லி தண்ணீரில் 5 நிமிடங்கள் சிறு தீயில் கொதிக்கவிடுங்கள். தோலின் வெள்ளைப் பகுதியை நீக்கிவிடுங்கள், கசக்கும். அடுப்பை அணைத்து, மூடி வைத்து, ஆறியதும் வடிகட்டி ஃபிரிட்ஜில் வையுங்கள்.

அடுத்து, நன்கு பழுத்த 20 நாவல்பழங்களைக் கழுவி, கொட்டை நீக்கி, இரண்டு சிட்டிகை உப்பு போட்டுக் கையாலேயே பிசையுங்கள். கொட்டையை நீக்காமல் மிக்ஸியில் அடித்தால் அதுவும் அரைபட்டு ருசியைக் கெடுத்துவிடும். 4 டீஸ்பூன் தேன், ஒரு எலுமிச்சையின் சாறு, மசாலாத் தண்ணீர் சேர்த்துக் கலக்கி, வடிகட்டுங்கள். கிளாஸில் ஐஸ் போட்டுப் பாதிக்கு இதை ஊற்றி, மீதிக்கு ப்ளெயின் சோடா. மேலே புதினாவைக் கசக்கிப் போட்டால் ரெடி!

நாவல் சீஸன் முடிந்துவிட்டால் கொய்யாவில் செய்யலாம். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அதிமதுரம் வேண்டாம். சர்க்கரை நோயாளிகள், ‘நாவல் நல்லதாச்சே’ என்று தேனையும் சேர்த்துக் குடித்துவிட வேண்டாம். தேன் இல்லாமலும் இது நன்றாகவே இருக்கும்.

இந்த விபரீதம் மட்டும் வேண்டாம்

பழத்தில் ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்து ‘வீட்டு ஜின்’ வடிக்கச் சொல்லித்தரும் வீடியோக்களும் உலவுகின்றன. உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது தமிழ்நாட்டில் குற்றம். ஆபத்து அதைவிடப் பெரிது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்ததை யாரும் மறந்திருக்க முடியாது. மெத்தனாலைக் கண்ணால் பார்த்தோ, முகர்ந்தோ பிரித்தறிய முடியாது. கடையில் வாங்கியதுதானே என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: ‘பாதுகாப்பான அளவு என்று ஒன்று மதுவில் இல்லை’ என்று 2023-லேயே சொல்லிவிட்டது உலக சுகாதார நிறுவனம்.

வீட்டு விசேஷங்களை யோசித்துப் பாருங்கள். மொட்டைமாடியில் ஒரு கூட்டம், ஹாலில் ஒரு கூட்டம். மாடியில் இருப்பவர்கள் சாப்பிட வரும்வரை கீழே இலை போட்டுக் காத்திருப்பவர் அத்தையோ, அக்காவோ, மனைவியோதான். குடிக்காத இளைஞனுக்குக் கையில் கோலா, கூடவே கிண்டல். நடுக்கூடத்தில் ஒரு ஜாடி ஊதா நிறத்தில் ஜில்லென்று இருந்தால், மாடிக்குப் போகிறவர்களில் ஒருவராவது படியில் நின்று, ‘எனக்கும் ஒரு கிளாஸ் குடு’ என்று கேட்கக்கூடும். அந்த ஒருவர் நம் வீட்டுக்காரராக இருந்தால், அதைவிட என்ன வேண்டும்?

அடுத்த சீஸனில் ஜவ்வாது மலைக்குப் போனால், சாலையோரத்தில் கூடையோடு உட்கார்ந்திருக்கும் அக்காவிடம் பேரம் பேசாமல் இரண்டு கூறு கூடுதலாக வாங்குங்கள். சதையைப் பிசைந்து டப்பாவில் போட்டு ஃப்ரீஸரில் வைத்தால், சீஸன் முடிந்து வரும் விசேஷத்துக்கும் உதவும். சாயங்காலத்துக்குள் கூடை காலியாகிவிட்டால் அவருக்கும் நிம்மதி.